சுவரில் யார் முகம்?



இன்று நாம் நினைவுகூரும் தோழர் மேடையில் பேசியவரல்லர்; சுவரில் எழுதியவர். ஏப்ரல் 14 வருகிறதென்றால் பத்து நாள் முன்பே நம் தெருச் சுவர்களுக்குத் தேங்காய் மட்டையால் சுண்ணாம்பு அடித்து வைப்பார். காய்ந்ததும் கரித்துண்டால் கட்டம் போட்டு அம்பேத்கரை எழுப்புவார். முதலில் மூக்குக்கண்ணாடி, பிறகுதான் முகம். நீலம் குறைந்தால் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துக்கொள்வார். "கீழே உங்க பேரைப் போடுங்கண்ணே" என்றால், "அவர் பேரு இருக்குதே, போதும்" என்பார். பிளெக்ஸ் வந்து மற்ற வேலையெல்லாம் போனபிறகும் அந்தப் பத்து நாளை மட்டும் அவர் விடவில்லை.

அவரை யாரும் ஓவியர் என்று சொன்னதில்லை. சுவர் விளம்பரக்காரர் என்றார்கள். 1959ஆம் ஆண்டின் பொது இட அலங்கோலத் தடுப்புச் சட்டத்தின் கண்ணில் அவர் அலங்கோலம் செய்பவர். நகரம் தானே சுவருக்கு வண்ணம் பூசும்போது அது அழகுபடுத்துதல் ஆகிவிடுகிறது. 2010ஆம் ஆண்டையொட்டி மாநகராட்சி அண்ணா சாலைச் சுவரொட்டிகளைக் கிழித்துவிட்டுத் தமிழ்ப் பண்பாட்டைத் தீட்டியபோது நாங்களும் நடந்து பார்த்தோம். கோயில் இருந்தது, நடனம் இருந்தது. பக்கத்து இராயப்பேட்டையில் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசரைத் தேடினோம். எங்கள் கண்ணில் படவில்லை.

கண்ணகி நகருக்கு வருவோம். கூவம் கரையிலும் கால்வாய் ஓரத்திலும் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களை 2000ஆம் ஆண்டு முதல் லாரிகளில் ஏற்றி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி இறக்கிய இடம் அது. முதலில் கட்டிய வீடுகள் இருநூறு சதுர அடியும் இல்லாதவை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பழைய வேலையைத் தக்கவைக்க விடியுமுன் பேருந்துக்கு நிற்க வேண்டியதாயிற்று. முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதினால் வேலை கிடைக்காது என்று பிள்ளைகள் பழைய முகவரியை எழுதினார்கள். 2020இல் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு மாநகராட்சியின் துணையோடு அங்கே மாடி உயரச் சித்திரங்களைத் தீட்டியது. டெல்லி லோதி காலனியில் செய்ததன் தொடர்ச்சி. உள்நாட்டு, வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்தார்கள். அங்குள்ள பிள்ளைகளின் முகங்களும் சுவரேறின.

இதைக் கேலி செய்வது நமக்கு எளிது. ஆனால் அங்கே போனபோது ஒரு அம்மா சொன்னார்: "முன்னெல்லாம் போலீஸும் பத்திரிகையும் திருட்டுன்னாதான் வருவாங்க. இப்ப படம் பார்க்க வர்றாங்க." இதை நாம் தள்ளிவிட முடியாது. அதே அம்மாதான் வண்ணச் சுவருக்குப் பின்னால் ஒழுகும் கழிவுக் குழாயையும் கைபிடித்துக் காட்டினார். சுவரின் வெளிப்பக்கத்துக்கு ஏணி வைத்தவர்கள் உள்பக்கத்துக்கு ஏன் வைக்கவில்லை என்பதே நம் கேள்வி. தூரிகை பிடித்தவரிடம் அல்ல, லாரி அனுப்பியவரிடம். அதற்குச் சற்று முன்புதான், 2019 டிசம்பர் 2 அன்று, மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு சுவர் விழுந்து நம் மக்கள் 17 பேர் செத்தார்கள். சுவர் என்ற சொல் நமக்கு வெறும் ஓவியப் பரப்பாக மட்டும் ஒலிக்காததற்கு இதுவும் காரணம்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் அம்பேத்கர் சிலை பல ஊர்களில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறது. பாதுகாப்பு என்கிறார்கள். சுவரில் வரைந்த அம்பேத்கருக்குக் கூண்டு போட முடியாது. ஆனால் தார் வீசலாம், சாணி அடிக்கலாம், தேர்தல் வந்தால் வெள்ளையடித்துக் கட்சிப் பெயர் எழுதலாம். ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) ஒரு சுவருக்காக ஏன் அத்தனை பேர் சாகிறார்கள் என்று கேட்டபோது, வெளியே இருந்தவர்களுக்கு அது கற்பனையாகத் தெரிந்தது. வடசென்னைக்காரர்களுக்கு அப்படித் தெரியவில்லை.

தோழர் தீட்டிய சுவர்களில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எங்களிடம் கணக்கில்லை. அவரே வைத்துக்கொள்ளவில்லை. வெயிலில் மங்கியது, இடித்துக் கட்டியது, மேலே வேறு படம் ஏறியது என்று போய்க்கொண்டிருக்கின்றன. மாணவ நண்பர்கள் கையில் கைபேசி இருக்கிறது. தெருப்பெயர், யார் வீட்டுச் சுவர், எந்த ஆண்டு, வரைந்தவர் யார் என்று அந்த வீட்டாரிடமே கேட்டு எழுதிப் படமெடுத்து அனுப்புங்கள். இந்த ஞாயிறு வியாசர்பாடியில் தொடங்குகிறோம். காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் நீலம் சரியாக விழாது.