நகைநாடகம் தந்த நட்பு



பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய ‘சபாபதி’ என்னும் நகைநாடகத்தைப் பழைய தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். எசமானுக்கும் சபாபதி என்று பெயர். வேலைக்காரனுக்கும் சபாபதி என்றே பெயர். எசமான் சொல்லும் சொல்லை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்து வேலைக்காரன் காரியத்தைக் கெடுப்பான். அவனைத் திருத்தப் புறப்படும் எசமானோ அவனிலும் பெரிய அறிவாளியல்லர். 1941ஆம் ஆண்டில் ஏ. வி. மெய்யப்பன் இதனைத் திரைப்படமாக்கியபோது டி. ஆர். இராமச்சந்திரன் எசமானாகவும், காளி என். இரத்தினம் வேலைக்காரனாகவும் தோன்றினார்கள். ஆயினும், படமாவதற்கு முன்பே மேடையில் வாழ்ந்த நாடகம் அது.

சம்பந்த முதலியார் தொழிலால் வழக்கறிஞர். பின்னர் நீதிபதியாகவும் இருந்தவர். அவரும் நண்பர்களும் 1891இல் சென்னையிலே சுகுண விலாச சபையைத் தொடக்கிய காலத்தில், நாடகமாடுதல் கற்றோருக்கு அடாத காரியம் என்பதே பெரும்பாலோர் எண்ணம். ‘கூத்தாடி’ என்பது அன்று ஒரு வசைச்சொல். பிழைப்புக்காகவன்றி விருப்பத்துக்காக நடிக்கும் அந்த மரபு கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. கலையரசு சொர்ணலிங்கம் முதலியோர் 1913இல் அமைத்த இலங்கை சுபோத விலாச சபை அவ்வழி வந்ததே. பின்னர்ப் பேராசிரியர் கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியையே மேடைக்குக் கொணர்ந்தார். ‘உடையார் மிடுக்கு’, ‘முருகன் திருகுதாளம்’ முதலிய அவர் நாடகங்கள் நான்கு 1940இல் ‘நானாடகம்’ என நூலுருப் பெற்றன. தம் வீட்டு முற்றத்துப் பேச்சை அரங்கிலே கேட்டபோது சனங்களுக்கு உண்டான மகிழ்ச்சி எத்தகையது என்பது, வானொலியில் ‘லண்டன் கந்தையா’வைக் கேட்டிருந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

வரலாறு நிற்க. இவ்விரு மரபுகளும் ஒரு கிராமத்து வாசிகசாலையில் வந்து கலந்த கதையொன்று உண்டு.

1950களின் பிற்பகுதி. வடமராட்சிப் பக்கத்துக் கிராமமொன்றின் பாடசாலைக்கு இளம் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் மாற்றலாகி வந்தார். மட்டக்களப்பைச் சேர்ந்தவர். பாடசாலைக்கு அருகில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியே சமைத்துண்டார். ஊரார் அவரைக் கண்டால் சால்வையைத் தோளிலிருந்து எடுப்பார்கள், வழிவிட்டு ஒதுங்குவார்கள், ஆனால் ஒருவரும் அவரோடு நின்று பேசியதில்லை. மரியாதையும் ஒருவகைத் தனிச்சிறைதான். ஆறு மாதம் அவர் அவ்வாறே கழித்தார்.

அவ்வாண்டு வாசிகசாலைக்கு ஒரு புத்தக அலுமாரி வாங்குவதற்காக ‘சபாபதி’யை ஆடுவது என்று இளைஞர்கள் முடிவு செய்திருந்தார்கள். வேலைக்காரனாக நடிக்கவிருந்தவருக்குக் கொழும்பிலே வேலை கிடைத்துவிட்டது. வேறொருவரும் கிடைக்காத நிலையில், பத்திரிகை பார்க்க வந்த ஆசிரியரைத் தயக்கத்தோடு கேட்டார்கள். அவர் உடனே ஒப்புக்கொண்டார். கேட்டவர்கள்தாம் திகைத்துப் போனார்கள்.

எசமான் வேடம் சுருட்டுக் கொட்டில் தொழிலாளி ஒருவருக்கு. நாற்பது வயதுக்காரர், ஐந்தாம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர். ஆனால் சுருட்டுக் கொட்டில்களிலே, தொழிலாளர் சுற்றிக்கொண்டிருக்க ஒருவர் பத்திரிகையையும் கதைகளையும் உரத்து வாசிக்கும் வழக்கம் இருந்ததல்லவா? இருபது ஆண்டுகள் அவ்வாறு செவிவழி கற்றவர் அவர். வசனத்தை இருமுறை வாசித்துக் காட்டினால் மூன்றாம் முறை தாமே சொல்லிவிடுவார். சங்கக்கடை மனேச்சருக்கு எசமானின் மனைவி வேடம். அக்காலத்துக் கிராமத்து மேடையில் பெண்கள் ஏறுவதில்லை. அம்மனிதர் தமது மீசையை அரங்கேற்ற நாள்வரை எடுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதால், ஒத்திகைகளில் எசமான் மீசை வைத்த மனைவியோடுதான் குடித்தனம் நடத்தினார்.

முதல் ஒத்திகையிலேயே இடர் வந்தது. எசமான் வேலைக்காரனை “அடே சபாபதி!” என்று அதட்டி அழைக்க வேண்டும். சுருட்டுத் தொழிலாளியின் வாயில் அச்சொல் எழவில்லை. இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பின்னர்,

“வாத்தியார், இதிலை ‘அடே’ எண்டு கிடக்கு. அதை விட்டிட்டுச் சொல்லட்டோ?” என்று கேட்டார்.

“விடக்கூடாது, அண்ணை. அதுதான் நாடகம்.”

அவர் முயன்றார். “அடே” என்பது மெல்லிய முனகலாக வந்தது. அதன்பின் வந்த ஏவலெல்லாம் வேண்டுகோளாக ஒலித்தது. எசமான் இரக்கிறார், வேலைக்காரன் குழப்புகிறான். இதிலே சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? சோக நாடகத்திலே ஒருவர் தனியே நின்றும் அவையோரை அழவைத்துவிடலாம். நகைநாடகத்திலோ ஒருவர் எறிய மற்றவர் ஏந்த வேண்டும். எறிபவர் கை கூசினால் ஏந்துபவர் எத்துணை வல்லவராயினும் பயனில்லை. ஒரு வாரம் இவ்வாறே சென்றது.

இதற்கிடையிற் செய்தி பரவியது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் பாடசாலைக்கு வந்தனர். படிப்பிக்கிற மனிதர் வேலைக்கார வேடம் போடுவதே பிழை. அதிலும் சுருட்டுக்காரரிடம் ஏச்சு வாங்குவதா, பிள்ளைகள் நாளைக்கு எப்படி மதிக்கும் என்பது அவர்கள் முறைப்பாடு. வேண்டுமானால் இருவரும் வேடத்தை மாற்றிக்கொள்ளலாமே என்றும் ஒருவர் வழி சொன்னார். நல்லெண்ணத்தோடு சொன்னதாகவே தோன்றும். ஆயினும் அச்சொல்லின் உட்பொருள் யாவருக்கும் தெரிந்ததே. ஆசிரியர் அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, எசமானுக்கு வசனம் அதிகம், அது தமக்கு மனனமாகாது என்றார். பொய்தான். சொல்லத்தக்க பொய்.

அன்று மாலை அவர் நேரே சுருட்டுக் கொட்டிலுக்குப் போனார். கோடா மணமும் புகையிலைத் தூசும் நிறைந்த அவ்விடத்திலே பாயில் அமர்ந்து, தமக்கும் சுருட்டுச் சுற்றக் காட்டித்தரும்படி கேட்டார். முதலாவது சுருட்டு நடுவிலே வீங்கியது. இரண்டாவது அவிழ்ந்தது. மூன்றாவதில் நல்ல மேற்சுற்று இலையொன்றைக் குறுக்கே கிழித்துவிட்டார். தொழிலாளிக்குத் தொழில்தான் கடவுள். தம்மை மறந்து, “என்ன செய்யிறியள் வாத்தியார்! இலை என்ன விலை தெரியுமோ? கையை எடுங்கோ!” என்று கூவிவிட்டார். கொட்டில் முழுதும் மௌனமாயிற்று.

ஆசிரியர் மட்டும் சிரித்தார். “இந்தக் குரல்தான் அண்ணை வேணும். நாளைக்கு இதையே தாருங்கோ” என்றார்.

மறுநாள் ஒத்திகையில் “அடே” வந்தது. பிழையற்று, உரத்து வந்தது. அதன்பின் ஒத்திகை முடிந்தும் ஒருவரும் வீட்டுக்கு விரைவதில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தவாறு, பெற்றோமாக்ஸ் விளக்கின் காற்று இறங்கும்வரை பேசியிருப்பார்கள். ஆசிரியர் மட்டக்களப்பு வட்டக்களரிக் கூத்துகளைப் பற்றிச் சொல்வார். அண்ணாவியாரிடம் மாதக்கணக்காய்ப் பழகியவர்கள் சதங்கை அணிந்து, பின் அரங்கேற்றங் கண்டு, வீட்டுக்கு வீடு சென்று ஆடும் முறையைச் சொல்வார். அங்கே அரசனாய் ஆடியவனும் சேவகனாய் ஆடியவனும் விடியும்போது ஒரே பாயிற் கிடந்து உறங்குவதைத் தாம் சிறுவயதிற் கண்டதையும் சொல்வார். சங்கக்கடை மனேச்சர் அரிசிப் பங்கீட்டின் வம்புகளைச் சொல்லுவார். ஆறு மாதம் தனியே உண்டவருக்கு ஒவ்வோர் இரவும் ஒரு வீட்டிலிருந்து பிட்டோ இடியப்பமோ வரத் தொடங்கியது.

அரங்கேற்ற இரவில் நடந்ததை அவ்வூரார் நெடுங்காலம் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டாம் காட்சியில் ஆசிரியருக்கு வசனம் முற்றாக மறந்துபோயிற்று. திரைமறைவில் நின்று எடுத்துக்கொடுக்க வேண்டியவர் சிரிப்பிலே தாளைத் தவறவிட்டிருந்தார். பதைத்து நின்ற ஆசிரியரின் வாயிலிருந்து, “மறுகா... மறுகா...” என்ற மட்டக்களப்புச் சொல் ஒன்றே வெளிப்பட்டது. ‘பிறகு’ என்பது அதன் பொருள். அவையில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. முன்வரிசையிலே அவருடைய மாணவர்கள். அவர்களுக்குப் பின்னே அந்தப் பெரியவர்கள்.

சுருட்டுத் தொழிலாளி ஒரு கணந்தானும் தாமதிக்கவில்லை. இடுப்பிலே கையூன்றி, “அடே சபாபதி! பள்ளிக்கூடத்திலை உனக்கு ஒண்டும் படிப்பிக்கேல்லையோ? ஆரடா உன்ரை வாத்தி?” என்றார்.

கொட்டகை அதிர்ந்தது. பெரியவர்களும் சிரித்தார்கள். அச்சிரிப்பு அடங்குவதற்குள் அவர் அருகில் வந்து, ஏசுவது போலவே காதருகில் குனிந்து அடுத்த வசனத்தை மெல்ல எடுத்துக்கொடுத்தார். எசமான் வசனம் மட்டுமன்றி வேலைக்காரன் வசனமும் அவருக்கு மனனமாக இருந்தது. செவிவழிக் கல்வியின் சிறப்பு அது.

மறுநாட் காலை எட்டாம் வகுப்பின் பின்வாங்கிலிருந்து ஒரு குரல் “அடே சபாபதி” என்றது. வகுப்பு மூச்சடங்கி இருந்தது. ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடியே, “வந்திட்டேன் எசமான்” என்று வேலைக்காரன் குரலிற் சொன்னார். அன்றைய இலக்கணப் பாடம் பாதியோடு நின்றது உண்மையே. ஆனால் அதுவரை வாய் திறந்து ஒரு சந்தேகமும் கேட்டறியாத பிள்ளைகள் சிலர், அவ்வாரத்திலிருந்து கேட்கத் தொடங்கினார்கள்.

அலுமாரி வந்தது. இரண்டு ஆண்டுகள் கழிய ஆசிரியருக்கும் ஊர் மாற்றம் வந்தது. மாகோச் சந்தியிலே வண்டி மாறி மட்டக்களப்புக்குச் செல்ல வேண்டிய நெடும் பயணம். யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்துக்கு நாடகக் குழு முழுதும் பேருந்தில் வந்திருந்தது. மீசையை மீண்டும் வளர்த்துக்கொண்ட மனேச்சரும் வந்திருந்தார். அவ்விரண்டு ஆண்டுகளிலும் சுருட்டுத் தொழிலாளி மேடைக்கு வெளியே ஒருநாளும் ‘வாத்தியார்’ என்பதைத் தவிர்த்து அழைத்ததில்லை. அன்றும் அப்படியே பொதியை ஏற்றி வைத்தார், அப்படியே கைகூப்பினார். வண்டி நகரத் தொடங்கியதும் மேடையோரமாய்ச் சில அடி கூடவே நடந்து, குரல் தழுதழுக்க,

“அடே சபாபதி, போனவுடனை கடிதம் போடு” என்றார்.

சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “ஓம் எசமான்” என்றார் ஆசிரியர்.