முதற் கோரிக்கை வரும்வரை

வால்வுகள் பொருத்திய பழைய வானொலிப் பெட்டி நேயர்கள் சிலரின் நினைவில் இன்னும் இருக்கக்கூடும். குமிழைத் திருகியவுடன் அது பேசாது. உள்ளேயிருக்கும் இழைகள் சூடேறும்வரை சிறிது பொறுத்திருக்க வேண்டும். செய்தியின் முதல் வாக்கியத்தைத் தவறவிட விரும்பாதவர் நேரத்தோடே பெட்டியை இயக்கி வைப்பார். இணையத்தளங்களை நடத்தும் சேர்வர்களிலும் இதே கேள்வி எழுகின்றது: சூடேற்றுவது எப்பொழுது?

சேர்வர் ஒன்றுக்குப் பலவகைக் கோரிக்கைகள் வந்து சேர்கின்றன. ஒருவர் பரீட்சைப் பெறுபேற்றைக் கேட்கின்றார். ஒருவர் மின்கட்டணம் செலுத்துகின்றார். வேறொருவர் ஆண்டறிக்கையைத் தேடுகின்றார். ஒவ்வொரு வகைக்கும் கையாளி எனப்படும் செய்நிரற் பகுதி ஒன்று உண்டு. அது தன் முதற் பணிக்கு முன்னர் அமைப்புக் குறிப்புகளைப் படித்து, தரவுத்தளத்துடன் தொடர்பு ஏற்படுத்தி, வேண்டிய அட்டவணைகளை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இவ்வாயத்தத்தைச் சேர்வர் எழும்போதே செய்வதா, முதற் கோரிக்கை வரும்வரை ஒத்திவைப்பதா?

1990களில் சன் மைக்குரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் ஜாவா மொழிக்கென வகுத்த சேர்வ்லெற் முறையிலே இது நம் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. அமைப்புக் கோப்பில் கையாளிக்கு நேரே பூச்சியமோ அதற்கு மேற்பட்ட எண்ணோ இட்டால், சேர்வர் தொடங்கும்போதே அது ஆயத்தமாகும். சிறிய எண் உடையதே முந்தும். எண் இடாவிடின், சேர்வர் தான் விரும்பிய வேளையில் ஏற்றிக்கொள்ளலாம். நடைமுறையில் அது பெரும்பாலும் முதற் கோரிக்கையின் வேளையே. 2019இல் வெளிவந்த ஸ்பிரிங் பூற் 2.2 பதிப்போ, மென்பொருளின் உறுப்புகள் அனைத்தையும் ஒரே வரியால் ஒத்திவைக்க வழி செய்தது.

மின்சாரம் தடைப்பட்டு மீண்ட சேர்வர், ஆண்டுக்கு ஒருமுறை பயன்படும் கையாளிக்காகக் காத்திராமல் விரைவில் எழுந்துவிடும் என்பது ஒத்திவைப்பின் நன்மை. ஆயினும் செலவு மறைந்துவிடுவதில்லை. முதலில் வருபவரின் தலையில் விழுகின்றது. அந்தத் தாமதத்தையேனும் பலர் பொறுத்துக்கொள்வர். பொறுக்க முடியாதது வேறொன்று.

ஒருமுறை நான் கட்டணக் கையாளியொன்றை இவ்வாறு ஒத்திவைத்தேன். சேர்வர் நொடிப்பொழுதில் எழுந்து, தான் ஆயத்தமெனப் பதிவேட்டில் எழுதிற்று. மகிழ்ந்து வீடு சென்றேன். தரவுத்தளத்தின் கடவுச்சொல் அன்று பகல் மாற்றப்பட்டிருந்தது. கையாளியின் குறிப்பிலோ பழையதே இருந்தது. கையாளி இன்னும் விழிக்காமையால் எவருக்கும் அது தெரியவில்லை. நள்ளிரவில் பணம் செலுத்த வந்தவரே பிழையைக் கண்டுபிடித்தார். தொடக்கத்திலேயே ஆயத்தம் செய்திருந்தால், நான் மேசையருகே இருக்கும்போதே சேர்வர் எழ மறுத்திருக்கும்.

இரு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்தாலும் இடர் உண்டு. சேர்வ்லெற்றின் ஆயத்தம் ஒருமுறையே நடைபெறுவதைச் சேர்வர் பார்த்துக்கொள்ளும். கையாளிக்குள் நாமாக எதையேனும் ஒத்திவைத்தால், பூட்டுப் போடும் பொறுப்பு நமதே. பூட்டுக்கு வெளியே ஒருமுறையும் உள்ளே ஒருமுறையும் சோதிக்கும் உபாயத்தை ஜாவா நிரலாளர் பலர் நெடுநாள் நம்பியிருந்தனர். பாதி கட்டிய பொருளை மற்றொரு செயலிழை முழுமையானதென எடுத்துவிடக்கூடும் என்பது பின்னரே தெளிவாயிற்று. 2004இல் ஜாவா 5 நினைவக விதிகளைத் திருத்திய பிறகு, ‘வொலற்றைல்’ என்னும் சொல்லையும் சேர்த்து எழுதினால்தான் அவ்வுபாயம் சரிவர இயங்கலாயிற்று.

இப்பொழுது நான் கட்டணக் கையாளிக்கு எண் இட்டுவிடுகின்றேன். குபர்நெற்றிஸ் போன்ற அமைப்புகளில் ஆயத்தச் சோதனை என ஒன்று உண்டு; சேர்வர் அதற்குச் சரியான விடை தரும்வரை ஒரு கோரிக்கையும் உள்ளே அனுப்பப்படுவதில்லை. தரவுத்தளத்தை ஒருமுறை தொட்டு மீண்ட பின்னரே விடை கூறும்படி அதனை எழுதி வைத்திருக்கின்றேன். ஆண்டறிக்கைக் கையாளி மட்டும், எவரேனும் வந்து கேட்கும்வரை, உறங்கிக்கொண்டே இருக்கின்றது.