கடற்காற்றைப் படமாக்கிய கணக்கு



வடக்கினின்று வீசுவது வாடை, தெற்கினின்று வருவது தென்றல், கிழக்கினது கொண்டல், மேற்கினது கோடை. இங்ஙனம் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றைப் பகுத்தனர் நம் முன்னோர். ஆயின், கடலின் எவ்விடத்தில், எத்திங்களில், எக்காற்று எத்தனை முறை வீசும் என்பதைப் பெயர் சொல்லாது. எண்ணித்தான் அறிதல் வேண்டும். அவ்வாறு எண்ணிப் படமாக்கிய ஒருவரைப் பற்றியே பேச வந்துள்ளேன்.

அமெரிக்கக் கடற்படையினரான மத்தேயு பாண்டேன் மோரி, 1839-இல் வண்டி கவிழ்ந்து கால் முறிந்தார். 1842-இல் வாசிங்டனில் கடற்படங்களையும் கருவிகளையும் காக்கும் பணிமனையின் தலைவரானார். அங்கே பழைய கப்பற் குறிப்பேடுகள் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தன. கப்பல் நின்ற இடம், காற்றின் திசை, நீரோட்டம் என நாள்தோறும் எழுதப்பட்டவை அவை. பிறர்க்குக் குப்பை, மோரிக்கோ புதையல்!

கடலை 5 பாகைக் கட்டங்களாகப் பகுத்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும், 12 திங்களுக்கும் தனித்தனியே, 16 திசைகளினின்றும் காற்று எத்தனை முறை வீசியது, அசையாதிருந்தது எத்தனை முறை என எண்ணியெழுதச் செய்தார். இதனை ஊன்றி நோக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி வகுத்து ஒரே அம்புக்குறி இட்டிருந்தால் வேலை எளிது, படமும் அழகாயிருக்கும். ஆனால், பாதிநாள் வாடையும் பாதிநாள் தென்றலும் வீசுமிடத்தில் கூட்டி வகுத்தால் கிடைப்பது என்ன? காற்றே இல்லை என்னும் பொய்! அதை நம்பிப் பாய் விரித்தவன் நிலை என்னாகும்? மோரி எண்ணிக்கையை எண்ணிக்கையாகவே நிறுத்தினார். குறிப்பு மிக்க கட்டம் எது, குறைந்த கட்டம் எது என்பதும் பார்த்த அளவிலே புலனாயிற்று.

வட அட்லாண்டிக்குப் படம் 1847-இல் வெளிவந்தது. தம் குறிப்புகளை எழுதியனுப்ப இசைந்த கப்பல் தலைவர்க்கு அவர் படத்தை விலையின்றி வழங்கினார். தென்னமெரிக்க முனையைச் சுற்றி, நியூயார்க்கினின்று சான்பிரான்சிசுகோ செல்ல ஏறத்தாழ 180 நாளான வழி, ஏறத்தாழ 133 நாளாகக் குறுகிற்று. 1853-இல் பிரசல்சு நகரில் 10 நாட்டினர் கூடி, ஒரே முறையில் கடற்குறிப்பு எழுதுவது பற்றி உடன்பாடு கண்டனர்.

குறையும் உண்டு. படம் காட்டிய வழியிலேயே கப்பல்கள் செல்லச் செல்ல, அவ்வழிக் கட்டங்களிலேயே குறிப்புகள் பெருகின. ஒதுங்கிய கடல் வெறுமையாய் நின்றது. இன்று செயற்கைக்கோள்கள் மலைமலையாகச் செய்தி குவிக்கின்றன. குவியல் பெரிது என்பதாலேயே எல்லாவிடமும் ஒரே சீராக அளக்கப்பட்டதாகக் கொள்ளலாகாது.

1861-இல் மோரி, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த தென்பகுதியினரோடு சேர்ந்தார். அதை நான் பாராட்டேன். அவர் திரட்டிய குறிப்புகளோ பின்னர்க் கணிப்பொறியில் ஏற்றப்பெற்று, அந்நாளைய கடலின் வெம்மையை ஆய்வார்க்கு இன்றும் உதவுகின்றன.

மாணவர்களே, கட்டம் வரைந்த தாள்களை வாயிலருகே வைத்துள்ளேன். நாளும் காலையும் மாலையும் பள்ளி மாடியில் நின்று காற்றின் திசையைக் குறியுங்கள். பாராத நாளின் கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து நிரப்பாதீர்கள்.