சீமெந்து இல்லாத இடுப்புக் கிண்ணம்

எல்லவிலிருந்து தெமோதரைக்கு இரயிலில் செல்வோர் கடக்கும் ஒன்பது வளைவுப் பாலம் கல், செங்கல், சீமெந்து ஆகியவற்றால் ஆனது. அதில் இரும்பே இல்லை என்பர். இன்று நான் பேசப்போவது அதற்கு நேர்மாறான வேலைப்பாடு. உலோகம் உண்டு, சீமெந்து இல்லை.

அப்பக்கத்துத் தோட்டமொன்றில் நெடுங்காலம் கொழுந்தெடுத்த மூதாட்டி ஒருவர், முன்னர் வைத்த செயற்கை இடுப்பு மூட்டுத் தளர்ந்துபோக, மறு சத்திரசிகிச்சைக்கு வந்தார். “சீமெந்து போட்டு வச்சதே கழண்டுருச்சு, சீமெந்து இல்லாம வச்சா நிக்குமாங்க ஐயா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

1962ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி என்னும் நிபுணர், அடர்ந்த பொலித்தீன் கிண்ணமொன்றை எலும்புச் சீமெந்தினால் இடுப்பெலும்பில் பதித்தார். அச்சீமெந்து பசையன்று. எலும்பின் நுண்துளைகளுள் புகுந்து இறுகிப் பற்றும் காரை. முதற் கிண்ணம் தளரும்போது எலும்பின் உட்பரப்பு வழவழப்பாகித் துளைகள் அழிந்துவிடுகின்றன. ஆகவே இரண்டாம் முறை சீமெந்துக்குப் பிடிமானம் குறைவு.

சொரசொரப்பான, நுண்துளைகள் நிறைந்த உலோக ஓட்டை இறுக்கமாகப் பொருத்தித் திருகாணிகளால் நிறுத்தினால், சில மாதங்களில் உயிருள்ள எலும்பே அத்துளைகளுள் வளர்ந்து பற்றிக்கொள்கிறது. சிகாகோ நகரில் இவ்வாறு மறு சிகிச்சை பெற்ற 138 இடுப்புகளைத் தொடர்ந்து கவனித்தனர். 2009இல் வெளியான அறிக்கையின்படி, 20 ஆண்டு முடிவில் தளராது நிற்கும் ஓடுகள் 100க்கு ஏறக்குறைய 95. முதுமையால் இடையில் மறைந்தோர் பலர். அதையும் கருதிச் செய்த கணிப்பு இது. எலும்பு பெரிதும் சிதைந்தவர்க்கும் கதிர்ச்சிகிச்சை பெற்ற இடுப்புக்கும் இதே உறுதியைக் கூற இயலாது.

ஆனால் இது ஓட்டின் கணக்கு மட்டுமே. தொற்று ஏற்படலாம், தாழக் குந்தும்போது பந்து விலகலாம். ஓட்டினுள் இருக்கும் பொலித்தீன் உறையோ ஆண்டுதோறும் தேய்கிறது. தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள எலும்பை அரிக்கின்றன. வியப்பு என்னவெனில், அரிப்பு முற்றும்வரை நோவே தெரியாதிருக்கலாம். உரிய காலத்தில் கண்டால், நன்கு பற்றிய ஓட்டை அப்படியே விட்டு உறையை மட்டும் மாற்ற முடியும்.

“நோவு இல்லையே, எதற்குப் பதுளை வரை போவது?” என்பது லயங்களில் வழக்கமான பேச்சு. உடன் வரும் மகளுக்கு ஒரு நாள் பேர் போய்விடும் என்பதை நான் அறியாதவன் அல்லன். அந்த மூதாட்டியிடம், “கிண்ணம் நிற்கும் அம்மா, ஆனால் நோவு இல்லாவிட்டாலும் கிளினிக்கில் குறித்துத் தரும் நாளில் படம் எடுக்க வாருங்கள்” என்றேன்.

வரும்போது பழைய ஊடுகதிர்ப் படங்களையும் கொண்டுவர வேண்டும். மழையீரம் படாத பெட்டியில் அவற்றை வைத்திருங்கள். பழைய படத்தின் அருகே புதியதை வைத்துப் பார்த்தால்தான் கிண்ணம் நகர்ந்ததா, உறை எவ்வளவு தேய்ந்தது என்பன வைத்தியருக்கு நன்கு புலப்படும்.