ஆடிக்கூழின் வரலாறு
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

 

ஆடிக்கூழைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். “கூழுக்கும் ஒரு வரலாறு உண்டோ?” என்று சிலர் நகைக்கக்கூடும். அரசர் பெயர்களும் போர்களின் ஆண்டுகளுமே வரலாறு என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். மிஷன் பாடசாலையிலே பயின்ற எமக்கு நத்தாரும் பெரிய வெள்ளியும் விடுமுறையாய் வந்தன. ஆடிப்பிறப்போ பாடப்புத்தகத்துப் பாட்டாய் வந்தது. ஆயினும் யாழ்ப்பாணத்துத் தமிழரின் வாழ்வை அறிய விரும்புவோர்க்கு ஒரு பானை கூழ் சொல்லும் செய்தி சிறிதன்று.

ஆடிப்பிறப்பு என்பது கதிரவன் கடக இராசியிலே புகும் நாள். ஆங்கில மாதக் கணக்கிலே யூலை 16 அல்லது 17ஆம் தேதியில் வரும். தைப்பொங்கலோடு உத்தராயணம் தொடங்குவதுபோல ஆடி முதல் நாளோடு தட்சிணாயனம் தொடங்குவதாக நம் பஞ்சாங்கம் கொள்ளும். வானத்திலே கதிரவன் தெற்கு நோக்கித் திரும்புவது யூன் 21ஆம் தேதியளவில். இடையிலுள்ள ஏறக்குறைய 25 நாள் வேறுபாடு, பல நூற்றாண்டுகளாக நாள்மீன்களைக் கொண்டு காலத்தைக் கணித்து வந்தமையால் நேர்ந்தது. ஆகவே, தையும் ஆடியும் ஆண்டின் இரு வாயில்கள் எனலாம்.

அவ்விரண்டு வாயில்களிலும் படைக்கும் உணவைச் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். தையிலே வயல் அறுவடையாகிறது, புத்தரிசி பொங்குகிறோம். ஆடியிலே வயல் வெறுமையாய்க் கிடக்கும். நெல், கூடையின் அடிக்கு வந்திருக்கும். அந்த வேளையிலே நம் முன்னோர் கைப்பிடி அரிசியை இடித்து மாவாக்கி வறுத்தார்கள். வறுத்த பயறும் தேங்காய்ச் சொட்டும் சேர்த்தார்கள். தேங்காய்ப் பாலிலே அவற்றை வேகவிட்டுப் பனங்கட்டியைக் கரைத்தார்கள். சிறிதரிசி பெரும்பானையாயிற்று. பயறும் தேங்காய்ப்பூவும் சருக்கரையும் உள்ளே வைத்துக் கொழுக்கட்டையும் அவித்தார்கள். குத்துவிளக்கேற்றிப் படைத்தபின், பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, அதனாலே கூழை அள்ளிக் குடித்தார்கள். ஒடியல் மாவிலே மீனும் மரக்கறியும் இட்டுக் காய்ச்சும் ஒடியற்கூழ் வேறு. இந்த இனிப்புக் கூழ் வேறு.

தமிழகத்திலே சேலம் பகுதியில் இதே ஆடி முதல் நாளிலே தேங்காயினுள் வெல்லமும் பயறும் அடைத்து நெருப்பிலே சுட்டுப் பிள்ளையாருக்குப் படைக்கிறார்கள். பண்டம் வேறாயினும் நாள் ஒன்றே.

இந்த நாளுக்கு நிலையான புகழைத் தந்தவர் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர். வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரியிலே பல்லாண்டு ஆசிரியராயிருந்து, 1953இல் மறைந்த அப்பெரியார் ஆடிப்பிறப்பைப் பற்றிப் பாடிய பாட்டு இன்றும் சிறுவர் வாயிலே வாழ்கின்றது. தாய்மார் செய்யும் கைவேலை முழுவதும் அதிலே உண்டு. ஆனால் அப்பாட்டு மகிழ்ந்து கூறும் விடுமுறை இன்று நாட்டின் பொது விடுமுறைப் பட்டியலில் இல்லை. விடுமுறை போயிற்று, கூழ் போகவில்லை. கோயில் அறிவித்து நடத்தும் விழாவன்று இது. அடுப்படியிலே தாயிடமிருந்து மகளுக்கு வந்த விழா. கடல் கடந்து இலண்டனிலும் தொரொன்ரோவிலும் குடியேறியவர்களும் இதைக் காய்ச்சுவது அதனாலேதான்.

பெரியோர்களே! இனி நாம் கூற வருவதைச் சற்றுப் பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகிறோம்.

கூழுக்கு இனிமை தருவது பனங்கட்டி. அது குட்டானிலே அடைபட்டுச் சந்தைக்கு வருமுன் ஒரு மனிதன் தளைநார் பூட்டிப் பனையிலே ஏறவேண்டும், பாளை சீவவேண்டும், புளிக்காதபடி சுண்ணாம்பு பூசிய முட்டியைக் கட்டவேண்டும். காலையும் மாலையும் மீண்டும் ஏறவேண்டும். இறக்கிய கருப்பநீரை அவன் வீட்டுப் பெண்கள் புகையிலே நின்று காய்ச்சவேண்டும். பனையின் பயன் 801 என்று தாலவிலாசம் என்னும் தமிழ்ப் பாட்டு உரைப்பதாக எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலே எழுதினார். எண்ணூற்றொரு பயனையும் எண்ணிய சமுதாயம், மரமேறியவனை எந்த வரிசையிலே இருத்தியது?

விடை நம் வரலாற்றிலே உண்டு. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாக விளங்கிய இயக்கத்தார் தீண்டாமையை எதிர்த்தார்கள். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்களே. சம ஆசனம், சம போசனம் என்பது அக்காலத்துக் கோரிக்கை. பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்றபோது சில பாடசாலைகள் தீக்கிரையாயின. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னரும் தேநீர்க் கடையிலே ஒரே குவளையிற் குடிப்பதற்காக 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்படவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிலே மக்கள் வழிபடும் உரிமை கேட்டு நின்றார்கள்.

ஒருவன் இறக்கிய இனிமையைக் குடித்துக்கொண்டே அவனைப் படலைக்கு வெளியே நிறுத்தியதும் ஆடிக்கூழின் வரலாறுதான். இதைச் சொல்லாமல் பனங்கட்டியின் சுவையை மாத்திரம் பாடுவோமாயின், நாம் பாதி வரலாற்றையே சொல்லியவராவோம். பெரியோரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அந்தப் படலைகளைத் திறக்க முன்னின்றவர்களிலும் பெரியோர் பலர் இருந்தனர். அவர்களுடைய துணிவும் நம் முதுசமே.

இக்காலத்திலே பாடசாலைகளிலும் மன்றங்களிலும் மேடையமைத்து ஆடிக்கூழ் வழங்குகிறார்கள். நல்லதே. ஆனால் விருந்தினர் முன்வரிசையிலே குடிப்பதும், படம் பிடித்தபின் கலைவதும் மாத்திரம் விழாவாகிவிடலாகாது. ஆகவே மன்றத்தாரிடம் ஒன்றை வேண்டுகிறோம். அடுத்த ஆடிப்பிறப்பிலே ஊருக்கு ஒரே பானை வைப்போம். பனங்கட்டியைக் காய்ச்சுகின்றவர்களிடமே நேரிற் சென்று, அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குவோம். மாவை வறுக்கும் பக்குவத்தைத் தாய்மாரிடம் இளைஞர்களும் கற்போம். காய்ச்சுவது பெண்களுக்கும் குடிப்பது ஆண்களுக்கும் என்று எந்த ஆகமமும் விதிக்கவில்லை. கூழ் இறங்கியதும் எல்லாரும் ஒரே பாயிலே இருப்போம். முதற் பலாவிலையை, அவ்வாண்டு நமக்காக மரமேறியவரின் கையிலே கொடுப்போம்.

தை, விளைந்ததைப் பகிரும் காலம். ஆடி, இருப்பதைப் பகிரும் காலம். நிறைவிலே பகிர்வது எளிது. குறைவிலே பகிர்ந்த முன்னோரின் பிள்ளைகள் நாம் என்பதற்கு அந்தப் பானையும் அந்தப் பாயும் சான்றாகட்டும்.