காஞ்சி தோற்கடித்த அண்ணா

1962 பிப்ரவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் 50 இடங்களைப் பிடித்தது. ஐந்தாண்டுக்கு முன்பு அதற்கு இருந்தவை 15 இடங்கள்தான். கட்சி இப்படி வளர்ந்த தேர்தலில் கட்சியை வளர்த்தவர் தோற்றார். அதுவும் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில், காங்கிரஸ் வேட்பாளர் நடேச முதலியாரிடம். தோற்றவர் சி.என். அண்ணாதுரை.

ஊருக்கு அவர் அந்நியரா என்ன? 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவரை வளர்த்தவர் சிற்றன்னை இராசாமணி அம்மையார்; அண்ணாவுக்கு அவர் 'தொத்தா'. படிப்பு தடைப்பட்டபோது காஞ்சிபுரம் நகராட்சியில் எழுத்தராக இருந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் முதுகலைப் பட்டம் பெற்றார். பெரியாரிடம் சேர்ந்து பத்திரிகை வேலை பழகியவர், 1942இல் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கியதும் காஞ்சியில்தான்.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதை அவர் மறக்கவில்லை. கைத்தறித் துணி விற்காமல் தேங்கி, நெசவாளர் அடுப்பெரியாமல் தவித்த காலம் ஒன்று உண்டு. 1953இல் கழகத் தலைவர்கள் ஊர் ஊராகப் போய் அந்தத் துணியைத் தோளில் சுமந்து விற்றார்கள். அண்ணா திருச்சித் தெருக்களில் விற்றார்.

அப்படிப்பட்டவரைத்தான் ஊர் தோற்கடித்தது. எனக்கென்னவோ, அந்தத் தோல்வியால் நாட்டுக்கு நன்மைதான் என்று தோன்றுகிறது. சட்டமன்றத்துக்குப் போக முடியாதவர் மாநிலங்களவைக்குப் போனார். 1962 மே மாதம் அங்கே எழுந்து, தான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லித் சுயநிர்ணய உரிமை கேட்டார். அவை முழுக்க எதிர்ப்பு. அந்த ஆண்டு முடிவதற்குள் சீனப் படையெடுப்பு வந்தது. தனித் திராவிட நாடு கேட்ட பிரிவினைக் கோரிக்கையை ஒத்திவைத்தார். 1963இல் பிரிவினை பேசுவதைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் 16ஆம் திருத்தம் வந்தபோது, கட்சியின் உயிர்மூச்சாக இருந்த அந்தக் கோரிக்கையை அடியோடு கைவிட்டார். கோரிக்கையை விட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றும் சொல்லிவைத்தார்.

பயந்துவிட்டார் என்றார்கள் சிலர். கட்சி தடைசெய்யப்படும் என்ற கணக்கு அவரிடம் இல்லாமல் இருந்திருக்காது, அரசியல்வாதிதானே. ஆனால் மேடையில் நெருப்பாய்ப் பேசி வளர்த்த தொண்டர்களிடமே, இனி இது வேண்டாம் என்று சொல்லிக் கட்சியைச் சிதறாமல் காப்பது எளிய வேலையா? உலகில் எத்தனை தலைவர்கள் அந்த இடத்தில் துப்பாக்கியைத் தேடிப் போயிருக்கிறார்கள்! அண்ணா வாக்குப்பெட்டியைத் தேடிப் போனார். நான்கே ஆண்டில், 1967 மார்ச் 6 அன்று, முதலமைச்சர் ஆனார்.

ஆட்சியில் இருந்தது இரண்டு ஆண்டுகூட இல்லை. அதற்குள் சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டத் தகுதி கிடைத்தது. பழைய திருமணங்களுக்கும் சேர்த்து. 1968 ஜனவரியில் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று சட்டமன்றம் தீர்மானித்தது. அரிசி விஷயத்தில் சறுக்கல்தான். ரூபாய்க்கு ஒரு படி என்ற திட்டம் சென்னை, கோவையைத் தாண்டிப் பரவவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டது அவர் ஆட்சியில்தான் நடந்தது. அண்ணாவைப் புகழ்கிறவர்கள் அதையும் சேர்த்தே பேச வேண்டும்.

மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயரிட வேண்டும் என்று விருதுநகரில் 76 நாள் உண்ணாமலிருந்து 1956இல் உயிர்விட்டார் சங்கரலிங்கனார். 1967 ஜூலை 18 அன்று பெயர் மாற்றத் தீர்மானத்தைச் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில், சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' ஆனது. தனிநாடு கேட்டவர் கையில் கடைசியில் கிடைத்தது ஒரு பெயர். அது சிறிய வெற்றி என்று நான் நினைக்கவில்லை. இந்தியாவுக்குள்ளேயே தலைநிமிர்ந்து இருக்கலாம் என்று ஒரு தலைமுறைக்கு அது சொன்னது.

இருபதே நாளில், பிப்ரவரி 3 அன்று, அண்ணா புற்றுநோயால் இறந்தார்.

கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடை ஏறி இறங்கிய பிறகு, அவர் வாழ்ந்த வீட்டையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். இப்போது அது அண்ணா நினைவு இல்லம். ஊரின் காரப்பேட்டையில் இருக்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.