ஓய்வூதியம் ஒத்திவைக்கப்பட்ட ஊதியமே!

(பாலாநகரில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

இந்தப் பாலாநகரில்தான் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு ஐ.டி.பி.எல். மருந்துத் தொழிற்சாலை எழுந்தது. அதே நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைக் கருவி ஆலை சென்னையில் அமைந்தது. ஏழைகளுக்கு மலிவு விலையில் மருந்து தந்த அந்நிறுவனத்தை மூடிவிடுவதென 2016 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. பொதுத்துறை சுருங்கச் சுருங்க, சிறு பட்டறைகளிலும் ஒப்பந்த வேலையிலும் உழைப்போர்க்கு முதுமையில் என்ன மிஞ்சுகிறது? இதுவே நம்முன் நிற்கும் கேள்வி.

ஓய்வு பெறும் வயதே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. அரசு ஊழியர் ஆந்திரத்தில் 62, தெலங்கானாவில் 61, தமிழ்நாட்டில் 60 வயதில் ஓய்வு பெறுகின்றனர். கேரளத்தில் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளோர்க்கு 56. வயதை உயர்த்திய அரசுகள் ஓய்வுக்காலப் பலன்களைத் தள்ளிப்போட்டன. வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களின் வாசலையும் அடைத்தன.

முதியோர் உதவித்தொகையைப் பாருங்கள். விஜயவாடாவில் 4,000 ரூபாய், இங்கே 2,016, சென்னையில் 1,200. ஒன்றிய அரசோ 80 வயதுக்குட்பட்டோர்க்கு 200 ரூபாய் மட்டுமே தன் பங்காகத் தருகிறது! வருங்கால வைப்பு நிதியின் இபிஎஸ்-95 திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. அகவிலைப்படி கிடையாது. ஆண்டுக்கணக்கில் தன் பெயரில் பங்களிப்பு செலுத்தப்பட்ட தொழிலாளிக்கு, மாநில அரசின் உதவித்தொகை அளவுகூட உறுதியில்லை.

வரியிலோ வேறுபாடு மாநில எல்லையில் இல்லை. விவசாய வருமானம் நீங்கலாக, வருமானத்தின் மீது வரி விதிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கே உரியது. ஓய்வூதியமும் அதில் அடங்கும். ஆனால் அச்சட்டம் உழைப்பாளரைப் பிரித்து நடத்துகிறது. அரசு ஊழியரின் பணிக்கொடைக்கு முழு விலக்கு. தனியார் துறையில் 20 லட்சம் ரூபாய் வரை மட்டுமே. ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றால், அரசு ஊழியருக்கு முழு விலக்கு. பணிக்கொடை பெறும் தனியார் ஊழியருக்கோ, முழு ஓய்வூதியத்தையும் தொகுத்தால் வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கே விலக்கு. ஆயிரம் ரூபாய் பெறுபவர் வருமான வரி வரம்புக்குள்ளேயே வருவதில்லை. எனினும் சோப்பு வாங்கும்போதும் பெரும்பாலான மருந்துகளை வாங்கும்போதும் அவர் ஜிஎஸ்டி செலுத்துகிறார்.

இவ்வேறுபாட்டைக் காட்டி அரசு ஊழியரின் உரிமையைக் குறைக்க முயல்வார்கள். அந்த வலையில் நாம் விழலாகாது. ஓய்வூதியம் எசமானரின் கொடையன்று, அது உரிமை என்று நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைத் தமிழ்நாடு, ஒன்றிய அரசுக்கும் முன்பாகவே, 2003 ஏப்ரலில் புகுத்தியது. மேற்கு வங்கத்திலும் திரிபுராவிலும் இடது முன்னணி அரசுகள் அதை ஏற்க மறுத்தன. ஆகவே, நிதியில்லை என்பதைவிட அரசியல் உறுதியில்லை என்பதே உண்மை.

இபிஎஸ் குறைந்தபட்ச ஓய்வூதியம் 9,000 ரூபாயாக உயர வேண்டும். அகவிலைப்படி இணைக்கப்பட வேண்டும். முதியோர் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கு உயர வேண்டும். அரசு ஊழியர்க்குள்ள வரிவிலக்கு அனைத்து உழைப்பாளர்க்கும் கிடைக்க வேண்டும். இக்கோரிக்கைகளைப் பட்டறை பட்டறையாக எடுத்துச் செல்வோம், தோழர்களே!